நூலகப் பணியாளர்களுக்கு எந்தப் பயிற்சி உண்மையிலேயே பயன்படும்? வெபினார்கள் போதுமா?

சான்றிதழுக்குப் போதும். கொரோனா காலத்தில் பின்னூட்டப் படிவத்தை நிரப்பிய கையோடு மின்னஞ்சலில் வந்து விழுந்த சான்றிதழ்களை அச்செடுத்தால் என் மேசை டிராயர் மூடாது. நான் ஒரு கலை அறிவியல் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உத்தியோக சமாச்சாரம். நீங்கள் கல்லூரி நூலகர் என்றால் பதவி உயர்வுக்கு யூஜிசி விதிப்படி புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதை நடத்திய மனிதவள மேம்பாட்டு மையங்கள் இப்போது மாளவியா மிஷன் பயிற்சி மையங்கள் என்று பெயர் மாறிவிட்டன. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்திலும் நூலக அறிவியல் பாடங்கள் உண்டு. முடித்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.

வேலைக்கு உதவுகிற பயிற்சி வேறு. இன்று பலரும் கேட்பது கோஹா. நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த, நூலக வேலைகளை நிர்வகிக்கும் இலவச மென்பொருள் அது. இங்கே நடக்கும் பயிலரங்குகள் ஏறக்குறைய ஒரே அச்சுதான். காலையில் உபுண்டு இயங்குதளத்தில் கோஹாவை நிறுவுவது, மதியம் பார்கோடு, நடுவில் ஒரு டெமோ. பயிற்சியாளர் ஆங்கிலப் பாடநூல் ஒன்றின் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டுவார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து தலைப்பு, ஆசிரியர் என்று அந்தப் புத்தகத்தின் மொத்தப் பதிவும் நொடியில் வந்து இறங்கும். எல்லோரும் வாயைப் பிளப்போம்.

சரி, ஊருக்குத் திரும்பி அலமாரியைத் திறந்தால்? 1960-களில் வந்த தமிழ்ப் புத்தகம். அதில் ஐஎஸ்பிஎன்னே கிடையாது. தலைப்பை வைத்துத் தேடி காங்கிரஸ் நூலகத்தின் பதிவை எடுத்தாலும், அது பெரும்பாலும் ரோமன் எழுத்தில் புள்ளியும் கோடுமாக இருக்கும். மாணவர் தமிழில் தட்டினால் அகப்படாது. ஆக, தமிழ் இருப்பு அதிகமுள்ள நூலகத்தில் முக்கால்வாசி வேலை கையால் பதிவதுதான். பயிலரங்கில் சொல்லித்தராமல் விடுவதும் அதைத்தான்.

ஓர் உதாரணம். எங்கள் அலமாரியில் உ.வே.சா.வின் நூல்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றின் தலைப்புப் பக்கத்தில் ‘உ. வே. சாமிநாதையர்’, இன்னொன்றில் ‘சாமிநாத ஐயர்’, மற்றொன்றில் ‘டாக்டர் உ.வே.சா.’. பதிவு செய்கிறவர் கண்ணில் பட்டதை அப்படியே அடித்தால், கணினிக்கு அவர் மூன்று பேர். மாணவர் ஒரு பெயரைத் தட்டி இரண்டு புத்தகம் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா சார்?” என்று போய்விடுவார். இதற்குத்தான் ‘பெயர் ஆணைப் பதிவு’ (name authority record) என்று ஒன்று இருக்கிறது. ஒரு வடிவத்தை முடிவுசெய்து, நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க்கின் (MARC) 100-ஆம் புலத்தில் வைத்து, மற்றவற்றை 400-ஆம் புலத்தில் அடுக்கி, புத்தகப் பதிவுகளை அதோடு இணைக்க வேண்டும். தேடலில் அவற்றையும் சேர்க்கச் சொல்லும் அமைப்பை கோஹாவில் இயக்கி, மறுபடி இன்டெக்ஸ் செய்துவிட்டால், எந்தப் பெயரில் தேடினாலும் எல்லாம் வரும். அரை நாளில் கற்றுத்தரக்கூடிய விஷயம். முன்னெழுத்தும் புனைபெயரும் இவ்வளவு புழங்கும் தமிழுக்கு இதைவிட அவசியமான பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், யாரை அனுப்புவது என்பதும் முக்கியம். நிர்வாகம் எப்போதும் தலைமை நூலகரைத்தான் அனுப்பும். கவுன்ட்டரில் நாள் முழுக்க நிற்கிற உதவியாளருக்கு ஓ.டி. (பயிற்சிக்குப் போக ‘ஆன் டியூட்டி’ அனுமதி) கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் “நீல அட்டை போட்ட எகனாமிக்ஸ் புக் இருக்கா அண்ணா?” என்ற கேள்வி அவரிடம்தான் வருகிறது. “இல்லப்பா” என்று சொல்லாமல், “எந்தப் பேப்பருக்கு? யார் சொன்னாங்க? நோட்ஸ் வேணுமா, ப்ராஜெக்டுக்கா?” என்று திருப்பிக் கேட்கப் பழக்குவதும் பயிற்சிதான். ப்ராஜெக்ட் என்றால் ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பழைய தமிழ் நூலென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் என்று கைகாட்டத் தெரிந்தால் போதும். இதற்கு வெளியே யாரையும் அனுப்ப வேண்டாம். தேர்வு விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்புக்கு எல்லோரும் கூடுகிற நாட்களில் நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். அப்படியே, கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுகிற பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். சில வருடங்களில் பழுத்து, பசை தாளுக்குள் இறங்கிவிடும்.

“பயிற்சிக்கெல்லாம் எதற்குச் செலவு, வேலை பார்க்கப் பார்க்க வந்துவிடாதா?” என்று உங்கள் முதல்வர் கேட்டால், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லுங்கள். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக நியமித்தபோது அவர் கணித ஆசிரியர். நூலகப் படிப்பு எதுவும் படித்தவர் அல்ல. பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அங்கேயும் அவர் வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் ஊராக நூலகங்களைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபின் சென்னை நூலகச் சங்கம் 1929-இல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது; பிறகு பல்கலைக்கழகமே அதை எடுத்து நடத்தியது. நம்மில் பலர் படித்த பி.லிப்., எம்.லிப். எல்லாம் அந்த வழி வந்தவைதான். முதல்வர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். என்னுடையவர் பாதிக் கட்டணத்துக்குத்தான் சம்மதித்தார்.

இனி அழைப்பிதழ் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளருக்கு ஒரு போன் போடுங்கள். ஆளுக்கொரு கணினி உண்டா, எங்கள் நூலகத்துப் புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவந்து அங்கேயே பதிந்து பார்க்கலாமா, ஊருக்குப் போனபின் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். “பிபிடி அனுப்பி வைக்கிறோம் சார்” என்று மட்டும் பதில் வந்தால், அந்த ஓ.டி.யை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.