வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று வரம்பில் வைத்தே பார்க்க முடியுமா?

கேள்வி இது: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறை வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) பெரும்போக வேலை தொடங்கினால் எலிக்காய்ச்சல் பயமும் தொடங்கிவிடுகிறது. கையில் தூக்கிப் போகக்கூடிய மரபணுச் சோதனைக் கருவிகள் வந்துவிட்டன என்கிறார்கள். தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் வயலிலேயே சோதித்து, இறங்கலாமா கூடாதா என்று சொல்லலாமா?

சோதிக்கலாம். "கிருமி இருக்கிறது" என்று அந்தச் சோதனை சொன்னால், கட்டுப்பாட்டுக் குழாய்கள் (சோதனை ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் குழாய்கள்) சரியாக இருக்கும்வரை அதை நம்பலாம். "இல்லை" என்று சொன்னால் அதை வைத்து ஒருவரையும் வயலில் இறக்கக் கூடாது. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கீழே தருகிறேன்.

முதலில் கருவி. வயலுக்குப் பொருத்தமானது லாம்ப் முறை. கிருமியின் டிஎன்ஏ இருந்தால் அதைப் பல மடங்கு பெருக்கி, குழாயின் நிறம் மாறுவதால் காட்டும். ஜப்பானில் உருவாகி 2000இல் வெளியானது. ஆய்வுகூடங்களில் டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் போலச் சூட்டை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. 65 பாகை செல்சியஸில் 30 முதல் 45 நிமிடம் வைத்தால் போதும். 12 வோல்ட் பற்றரியில் ஓடும் சிறிய சூட்டுக்கட்டை நல்லது. அது இல்லாவிட்டால் சுடுதண்ணீர்ப் போத்தலிலும் செய்யலாம்: 67 பாகையில் தொடங்கி, 45ஆவது நிமிடத்தில் 62க்குக் கீழே இறங்கவில்லை என்று வெப்பமானி வைத்து வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். டிஎன்ஏயைப் பெருக்கும் இன்னொரு முறையான ஆர்பிஏக்கு 37 முதல் 42 பாகை போதும். ஆனால் பட்டியில் முடிவு பார்க்கும் வகைகளில் பெரும்பாலும் குழாயைத் திறக்க வேண்டிவரும். அதனால் வயலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். டிஎன்ஏயின் எழுத்து வரிசையை வாசிக்கும் கையளவு நனோபோர் வரிசையாக்கிகள் 2015இல் கினியாவில் எபோலாவுக்கு அருமையாக உதவின. வயல் சேற்றில் கதை வேறு. ஆயிரம் வகை உயிர்களின் டிஎன்ஏக்குள் நமக்கு வேண்டிய துளி அமிழ்ந்துபோகும்.

எந்த மரபணுவைத் தேடுகிறது என்று கேட்காமல் சோதனைத் தொகுதி வாங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி சேர்ந்த லெப்டோஸ்பைரா இனத்தில் நோய் தராத வகைகளும் உண்டு. அவை சாதாரண மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை. எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவை இலக்காகக் கொண்ட தொகுதிகள் அவற்றையும் பிடித்துக் குழப்பலாம். லிப்எல்32 என்ற மரபணு நோய் தரும் வகைகளில் மட்டுமே உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுக்கும் இடம் முக்கியம். ஓடும் வாய்க்காலின் நடுவில் அள்ளினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. எலி வளை உள்ள வரம்போரம், மாடு எருமை படுத்தெழும்பும் பள்ளம், வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் தேங்கும் மூலை ஆகியவற்றில் எடுங்கள். பெயர் எலிக்காய்ச்சல் என்றாலும் மாட்டின் சிறுநீரிலும் இந்தக் கிருமி வரும். படுவான்கரையில் அதை மறக்கவே கூடாது. மழை விட்ட மறுநாள் நல்ல நேரம். ஒரு வட்டைக்குக் குறைந்தது ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர் தண்ணீர், அதே இடத்து மேற்சேறு ஒரு மேசைக்கரண்டி. முழங்கால்வரை இறப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் கீறல் உள்ளவர் அள்ளப் போக வேண்டாம். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து அன்றைக்கே வேலையை முடியுங்கள்.

அடுத்தது வடிகட்டல். அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். லெப்டோஸ்பைராவின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மைக்ரோமீற்றர். 0.22 மைக்ரோமீற்றர் வடியில்கூட ஒரு பங்கு நழுவிப் போய்விடும். வயல் தண்ணீரின் வண்டலோ 30 மில்லிலீற்றர் தள்ளும் முன்னமே வடியை அடைத்துவிடும். அரை மணி நேரம் அடைய விட்டு, மேல் தண்ணீரை முதலில் பெரிய துளை வடியில் விட்டு, பிறகு 0.22இல் 60 மில்லிலீற்றர் சிரிஞ்சால் மெதுவாகத் தள்ளுங்கள். முழு 100 மில்லிலீற்றரும் போகவில்லை என்றால் போன அளவை எழுதி வையுங்கள். அது தெரியாமல் முடிவுக்கு அர்த்தம் இல்லை.

டிஎன்ஏ எடுக்க, டிஎன்ஏயைச் சிலிக்காவில் ஒட்டவைத்துப் பிரிக்கும், கையால் தள்ளும் சிலிக்காத் தொகுதி நல்லது. மலிவான வழி 5 சதவீத செலெக்ஸில் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்) 95 பாகையில் பத்து நிமிடம். செலெக்ஸ் மணி ஒன்று எதிர்வினைக் குழாய்க்குள் போனாலும் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், எதிர்வினை செத்துவிடும். மணிகள் அடிக்குப் போகும்வரை பொறுத்து மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். சேற்றில் உள்ள ஹியூமிக் அமிலமும் எதிர்வினையைத் தடுக்கும். எனவே ஒவ்வொரு மாதிரியையும் அப்படியே ஒரு குழாயிலும், பத்து மடங்கு நீர்த்து இன்னொரு குழாயிலும் போடுங்கள். நீர்த்தது மட்டும் நிறம் மாறினால் தடுப்பு இருந்தது என்று தெரியும்.

ஒரு குழாயின் அளவு 25 மைக்ரோலீற்றர்: நொதி உள்ள இருமடங்குச் செறிவுக் கலவை 12.5, பத்துமடங்குச் செறிவுப் பிரைமர் கலவை (தேடும் மரபணுவில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 2.5, நீர் 5, மாதிரி 5. பிரைமர் கலவையை வயலில் கலக்க வெளிக்கிடாதீர்கள், முன்கூட்டியே சேர்த்துக் கொண்டுவாருங்கள். காற்றடிக்கும் வரம்பில் ஒரு மைக்ரோலீற்றரைச் சரியாக எடுக்க யாராலும் முடியாது. மூடியைச் சூடாக்கும் வசதி இல்லாத கருவியென்றால் மேலே 20 மைக்ரோலீற்றர் கனிம எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் ஆவி மூடியில் ஒட்டி அளவு குறையும். 60 நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். கிருமி இல்லாத குழாய்கூட நிறம் மாறத் தொடங்கும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. இளஞ்சிவப்பு மஞ்சளாகும் சாயம் அமிலத்தன்மையைப் பார்த்து மாறுவது. மாதிரி தானே அமிலமாக இருந்தால் சூடாக்கும் முன்பே மஞ்சளாகிவிடும். ஆகவே சூடாக்கும் முன் ஒரு படம், பின் ஒரு படம், வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுங்கள். ஊதா வானநீலமாகும் எச்என்பி சாயத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்தில் வேறுபாடு தெரியாது, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

முடிந்த குழாயை எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள். உள்ளே கோடிக்கணக்கான டிஎன்ஏ பிரதிகள் இருக்கும். ஒரு தடவை திறந்தால் அந்தப் பெட்டி, பைப்பெட், மேசை எல்லாம் கெட்டு, அதற்குப் பிறகு எந்த ஊர்த் தண்ணீரும் "இருக்கிறது" என்றே காட்டும். இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி அப்படியே ஒதுக்குங்கள். மேசையைப் பத்துக்கு ஒன்று குளோரின் நீரால் துடையுங்கள். ஆனால் சிலிக்காத் தொகுதியின் குவானிடின் கரைசல் மீது குளோரின் படவே கூடாது, நச்சு வாயு வரும்.

கட்டுப்பாட்டுக் குழாய் மூன்று வேண்டும். வயலுக்குக் கொண்டுபோய்த் திறந்து அதே முறையில் வடித்த சுத்த நீர் ஒன்று. வெறும் கலவை ஒன்று. செயற்கை டிஎன்ஏ போட்ட நேர்க் கட்டுப்பாடு ஒன்று, அதைக் கடைசியில், தள்ளி வைத்துத் திறவுங்கள். முதல் இரண்டில் ஒன்று நிறம் மாறினாலும் அன்றைய முடிவு முழுவதையும் தூக்கிப் போடுங்கள். நேர்க் கட்டுப்பாடு மாறாவிட்டால் நொதி கெட்டிருக்கிறது. கலவையை உலர்த்திச் செய்த குளிகைகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் மார்கழி மழைக்காலத்து மட்டக்களப்பு ஈரப்பதத்தில் பையைப் பிரித்துவிட்டு மிச்சத்தை வைத்திருந்தால் அவை ஈரம் இழுத்துக் கெட்டுப் போகும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

இனி முதலில் சொன்ன கணக்கு. 100 மில்லிலீற்றர் தண்ணீரை வடித்து, டிஎன்ஏயை 100 மைக்ரோலீற்றரில் எடுத்து, அதில் 5ஐக் குழாயில் விடுகிறோம். அதாவது 5 மில்லிலீற்றர் தண்ணீரைத்தான் பார்க்கிறோம். குழாய் நிறம் மாற 10 முதல் 100 பிரதிகள் வேண்டும் என்று வைத்தால், மில்லிலீற்றருக்கு 2 முதல் 20 கிருமி இருக்க வேண்டும். வடியிலும் செலெக்ஸிலும் பத்தில் ஒன்பது தொலைந்தால் அது 20 முதல் 200. அதைவிடக் குறைவாக உள்ள தண்ணீர் "இல்லை" என்றே காட்டும். உழவன் நாள் முழுக்க, வெடித்த பாதத்தோடு, ஒரு ஏக்கர் சேற்றில் நிற்கிறான். ஐந்து மில்லிலீற்றருக்குக் கிடைத்த பதில் அவனுக்குப் போதாது. மறுபக்கம், "இருக்கிறது" என்பது செத்த கிருமியின் டிஎன்ஏயாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் எதற்கு இந்தச் சோதனை? எந்த வட்டையில் முதலில் தடுப்பு மருந்து கொடுப்பது, எந்த வாய்க்காலைத் துப்புரவாக்குவது என்று முன்னுரிமை போடுவதற்கு. 2008இல் இலங்கை முழுக்க 7,000க்கும் மேற்பட்ட சந்தேக நோயாளிகள் பதிவாகினர். அப்படியொரு போகத்தில் இந்த வரைபடம் பெரிய உதவி. முடிவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானையிடமும் கொடுங்கள். ஊர்ப் பெயரோடு முகநூலில் போடாதீர்கள். டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒரு தடவை என்பது தடுப்பு முறை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக, அவர்கள் சொல்லும்படி மட்டும் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அது பொருந்தாது.

வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் என்று ஏதும் கண்டால் தண்ணீர் முடிவைத் தேட வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், "வயலில் நின்றேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.