'இஃப்' வந்தாலே 'வேர்' தானா?

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில் 'இஃப் ஐ வாஸ் ரூட் ஆன் த ஃபோன் யெஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்' என்று எழுதியிருந்தேன். எங்கள் மேலாளர் 'வாஸ்' என்பதை அடித்துவிட்டு 'வேர்' போட்டார். 'இஃப்' வந்தாலே 'வேர்' தான் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: நீங்கள் எழுதியதுதான் சரி. மேலாளர் நல்ல வாக்கியத்தைக் கெடுத்திருக்கிறார்.

நேற்று ஃபோனில் நீங்கள் கடுமையாகப் பேசியிருக்கலாம், பேசாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அது நடந்திருக்கக்கூடிய சங்கதி, அதுவும் நேற்றைய சங்கதி. அதற்கு 'வாஸ்' தான். கற்பனை என்றால்தான் 'வேர்'. 'இஃப் ஐ வேர் த மேனேஜர்' என்று எழுதினால், நீங்கள் மேலாளர் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். பார்க்க இறந்தகாலம் மாதிரி இருந்தாலும் பேச்சு இன்றைக்கு உரியது. நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. 'நாளைக்கு மழை வந்தால்' என்கிறோமே, அதில் இருப்பதும் 'வந்தது' என்பதில் உள்ள அதே உருவம்தான். யாரும் அதை நேற்றைய மழை என்று நினைப்பதில்லை.

இந்தக் குழப்பமெல்லாம் ஐ, ஹி, ஷி, இட் வரும்போதுதான். யூ, வீ, தே வந்தால் எப்படியும் 'வேர்'.

டியூஷனில் ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள்: பின்பாதியில் 'வுட்' இருந்தால் முன்பாதியில் 'வேர்'. பெரும்பாலும் பலிக்கும். ஆனால் இதைப் பாருங்கள்: 'இஃப் இட் வாஸ் ஹாட், வீ வுட் ஸ்லீப் ஆன் த டெரஸ்.' அந்தக் காலத்தில் புழுக்கமான இரவுகளில் மொட்டைமாடியில் படுப்போம் என்று பழைய வழக்கத்தைச் சொல்கிறது. 'வுட்' இருக்கிறது, கற்பனை இல்லை. ஆகவே 'வாஸ்'. 'ஹி ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ஃப்ரீ' என்பதும் அப்படித்தான். ஓய்வாக இருக்கிறேனா என்று கேட்டார், அவ்வளவுதான். அங்கே நிபந்தனையே கிடையாது.

சரி, கற்பனைக்கு 'வாஸ்' போட்டால் குற்றமா? 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலேயர்கள் போட்டு வருகிறார்கள். 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இலக்கண நூல் இரண்டையும் ஏற்கிறது. 'வேர்' சற்று முறையான நடை, 'வாஸ்' சகஜமான நடை. அமெரிக்காவில் அச்சுக்குப் போகும் எழுத்தில் 'வேர்' பக்கம் சாய்வு அதிகம். தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் 'வேர்' போட்டுவிடுங்கள், வம்பில்லை. 'இஃப் ஐ வேர் யூ' என்பது கிட்டத்தட்ட மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. 'இஃப்' இல்லாமல் தலைகீழாக 'வேர் ஐ இன் யுவர் பிளேஸ்' என்று தொடங்கினால் 'வாஸ்' ஒட்டவே ஒட்டாது.

ஆக, கற்பனையில் 'வாஸ்' வந்தால் நடை கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவே. நிஜமாக நடந்திருக்கக்கூடியதற்கு 'வேர்' போட்டால் பிழை. உங்கள் மேலாளர் செய்தது இரண்டாவது.

இன்னொன்று. பேசியது கடுமைதான் என்று உங்களுக்கே தெரிந்தால், 'ஐ அபாலஜைஸ் ஃபார் பீயிங் ரூட்' என்று எழுதிவிடுங்கள். 'கடுமையாகப் பேசியிருந்தால்' என்று இழுக்கிற மன்னிப்பை எந்த வாடிக்கையாளரும் ரசிப்பதில்லை. மேலாளருக்கும் திருத்த வேலை இருக்காது.