வெள்ளிக் காசும் பிளாஸ்டிக் பெட்டியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி (டல்லாஸ் வாசகர்): மாதாமாதம் இரண்டு மூன்று 'அமெரிக்கன் சில்வர் ஈகிள்' வெள்ளிக் காசு வாங்கிச் சேர்க்க நினைக்கிறேன். அதே வருடத்துக் காசைப் பெட்டியில் அடைத்து 'எம்எஸ் 70' என்று லேபிள் ஒட்டியிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: வெள்ளி சேர்ப்பதுதான் நோக்கமென்றால் பெட்டியில்லாத காசையே வாங்குங்கள். ஈகிள் 1986-லிருந்து வருகிறது. எந்த வருடத்துக் காசானாலும் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 999 வெள்ளி (99.9 சதவீதச் சுத்தம்). பெட்டிக்குள் போனதால் குந்துமணி அளவு வெள்ளிகூடக் கூடுவதில்லை.

கூடுவது ஓர் அபிப்பிராயம். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசின் மேற்பரப்பைப் பார்த்து 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பெட்டியில் அடைத்துத் தருகின்றன. இதற்குப் பெயர் கிரேடிங். 'எம்எஸ்' (மின்ட் ஸ்டேட்) என்றால் புழக்கத்துக்குப் போகாத காசு. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாவிட்டால் 70. மயிரிழைக் கீறலோ ஊசிமுனைப் பள்ளமோ இருந்தால் 69. இரண்டையும் கையில் கொடுத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டியை உடைத்து மறுபடி அனுப்பினால் 69 என்றது 70 ஆவதும், 70 என்றது 69 ஆவதும் உண்டு.

ஈகிள் காசுகள் குழாய்க்கு 20, நாணயச்சாலையின் பெரிய பச்சைப் பெட்டிக்கு 25 குழாய், ஆக 500 என்று டீலர்களுக்குப் போகின்றன. டீலர்கள் அந்தப் பெட்டிகளை அப்படியே கிரேடிங்குக்கு அனுப்புகிறார்கள். நல்ல அச்சில் புதிதாக அடித்த காசு பெரும்பாலும் 69 வாங்கிவிடும். 70-ம் ஏராளமாக வரும். சமீப வருடத்துக் காசுக்கு 70 என்பது அபூர்வமே இல்லை.

கணக்குப் போட்டால் தெளிவாகும். வெள்ளி அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டியில்லாத காசு 35 டாலர், எம்எஸ் 69 பெட்டிக் காசு 45 டாலர். திரும்ப விற்கப்போனால் டீலர் முதலாவதற்கு வெள்ளி விலைக்கு மேல் ஒரு டாலர், இரண்டாவதற்கு இரண்டு டாலர் தருகிறார் என்று வையுங்கள். போட்ட பணம் திரும்ப, முதலாவதற்கு வெள்ளி 34 டாலரைத் தொட்டால் போதும். 13 சதவீத ஏற்றம். பெட்டிக் காசுக்கு 43 டாலர் ஆகவேண்டும், 43 சதவீதம்.

'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்', 'ஏர்லி ரிலீசஸ்' லேபிள்களைப் பார்த்து முதன்முதலில் அச்சான காசு என்று நினைத்துவிடாதீர்கள். வெளியான முதல் 30 நாளுக்குள் கிரேடிங் நிறுவனத்தின் கைக்கு வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த 30 நாளில் லட்சக்கணக்கில் வரலாம். காகிதத்துக்கு விலை கொடுக்க ஆசையிருந்தால் வாங்கலாம். எங்களுக்கு அந்த ஆசை இல்லை.

பெட்டியோடு வாங்க வேண்டிய ஈகிளும் உண்டு. 1995-ல் வெஸ்ட் பாயின்ட்டில் அச்சான, 'W' முத்திரை உள்ள புரூஃப் காசு (சேகரிப்பவர்களுக்காகத் தனியாகப் பளபளப்பாக அடிப்பது) மொத்தமே 30,125. இதில் மதிப்பு வெள்ளியில் இல்லை, அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. சாதாரணப் புரூஃப் காசில் எழுத்தைச் சேர்த்து ஏமாற்ற முடியும். இங்கே கிரேடிங் நிறுவனத்தின் கண்ணுக்குக் கூலி கொடுப்பது நியாயம். 1996 புல்லியன் காசு, அதாவது வெள்ளிக்காக வாங்கும் சாதாரண ஈகிள், 36 லட்சம்தான் அச்சானது, அந்த வரிசையிலேயே குறைவு. அதிலும் 69-க்காக அதிகம் கொடுக்கவேண்டாம். தொண்ணூறுகளின் காசுகளில் 70 கிடைப்பதுதான் கடினம், அதனால்தான் அதற்கு விலை.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): என்னிடம் உள்ள நாற்பது ஈகிள்களை நானே கிரேடிங்குக்கு அனுப்பினால் லாபமா?

பதில்: இல்லை. காசுக்கு 20 டாலருக்கு மேல் கட்டணம், அதற்கு மேல் தபாலும் காப்பீடும். குழாயிலிருந்து எடுத்து, விரல் பட்டு, ஒன்றோடொன்று உரசியவை 69 வாங்கினாலே பெரிது.

கேள்வி (டொராண்டோ வாசகி): கனடாவின் மேப்பிள் லீஃப் வெள்ளிக் காசு ஒரு குழாய் வாங்கினேன். இரண்டு வருடத்தில் ஐந்தாறு காசில் பால் சிந்தினதுபோல வெள்ளைப் புள்ளிகள். கிரேடிங் செய்த பெட்டிக் காசாக வாங்கியிருந்தால் இது வந்திருக்காதா?

பதில்: வந்திருக்கும். நாணயச்சாலையில் வெள்ளி வில்லையைக் கழுவும்போது தங்கிவிடும் ரசாயன மிச்சம், அச்சடித்தபின் மெல்ல வெளியே தெரிவதாகவே துறையினர் கருதுகிறார்கள். குறை உலோகத்தின் மேலேயே இருப்பதால் பெட்டி தடுக்காது. '70' லேபிள் ஒட்டிய பெட்டிக்குள்ளேயே புள்ளி விழுந்த காசுகளைக் கடைகளில் பார்க்கலாம். லேபிள் 70 என்றே இருக்கும், வாங்க வருபவர் புள்ளியைத்தான் பார்ப்பார். ராயல் கனேடியன் மின்ட் 2018-லிருந்து இதற்காகவே 'மின்ட்ஷீல்ட்' என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அதற்கு முந்தைய வருடக் காசுகளில்தான் தொல்லை அதிகம்.

ரப்பர், பற்பசை, விபூதி என்று எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். புள்ளியோடு பளபளப்பும் போய், கீறலும் விழும். வெள்ளி விலைக்கு விற்கும்போது புள்ளிக்காகப் பெரிதாகக் குறைக்கமாட்டார்கள்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): போலிக்குப் பயந்துதான் பெட்டிக் காசு வாங்குகிறேன். சரிதானே?

பதில்: பாதி சரி. பெட்டியையும் லேபிளையும் சேர்த்தே போலி செய்கிறார்கள். உண்மையான சான்று எண்ணைத் திருடி அச்சடிப்பதால், நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டதும் விவரம் வந்துவிடும். அங்கே காசின் படம் இருந்தால், அதிலுள்ள கீறலும் கறையும் உங்கள் கையிலிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் இருப்பதை எடை போடவும் முடியாது, தட்டி ஓசை கேட்கவும் முடியாது.

வெறும் காசை வீட்டிலேயே சோதிக்கலாம். ஈகிளின் விட்டம் 40.6 மி.மீ., கனம் 2.98 மி.மீ., எடை 31.1 கிராம். மூன்றும் ஒருசேரப் பொருந்தவேண்டும். வெள்ளியைவிட லேசான உலோகத்தில் எடையைச் சரிக்கட்டினால் கனமோ விட்டமோ கூடிவிடும். சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். வெள்ளியின் அடர்த்தி 10.49. எடையான 31.1-ஐ அதனால் வகுத்தால் வருவதையே, அதாவது 2.96 அல்லது 2.97-ஐத் தராசு காட்டவேண்டும். அதே எடையுள்ள செம்பு நிக்கல் போலியானால் 3.5-ஐ ஒட்டி வரும். காசின்மேல் ஒட்டிய காற்றுக்குமிழி எண்ணைக் கூட்டிக் காட்டும், மெல்ல ஆட்டி உதிர்த்துவிடுங்கள். பிறகு துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகி): அமெரிக்காவில் இருக்கும் மகன் பெட்டியில் அடைத்த ஈகிள் ஒன்று தந்தான். இங்கே எம்எம்டிசி-பாம்ப் நிறுவனத்தின் வெள்ளிக் காசும் அட்டையில் அடைத்துத்தான் வருகிறது. இரண்டும் ஒன்றா? நகைக்கடையில் என்ன தருவார்கள்?

பதில்: இரண்டும் வேறு. அட்டை, எடைக்கும் சுத்தத்துக்கும் உறுதி சொல்கிறது. அமெரிக்கப் பெட்டி, காசு அசல் என்பதோடு அதன் தோற்றத்துக்கு மதிப்பெண்ணும் சொல்கிறது. நம்மூர் நகைக்கடைக்காரருக்கு அந்த மதிப்பெண் தேவையில்லை. பெட்டியை உடைக்கச் சொல்லி, எடை பார்த்து, வெள்ளி விலைதான் தருவார். உடைத்தபின் சான்று செல்லாது. மகன் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பி அங்கேயே விற்பது நல்லது.

நம் பக்கத்தில் பெட்டிக்கு அர்த்தமுள்ளது பழைய ரூபாய்க் காசுகளில். உதாரணம், ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ரூபாய். 11.66 கிராம் எடையில் 91.7 சதவீத வெள்ளி. அடுத்த வருடமே வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1939 மிக அபூர்வம், போலிகளும் அதிகம். அதைச் சான்றில்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி (அதே வாசகி): எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: பெட்டிக் காசைப் பெட்டியோடு. வெறும் காசு என்றால் நாணயச்சாலைக் குழாயிலேயே இருக்கட்டும், அல்லது 40.6 மி.மீ. பிளாஸ்டிக் கேப்ஸ்யூல். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், பச்சைப் பிசுக்குப் படியும். ரப்பர் பேண்டிலும் செய்தித்தாளிலும் கந்தகம் இருக்கும், காசு கறுத்துப்போகும். பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.