பளு தூக்கினால் குத்தின் வேகம் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 53. இளமையில் குத்துச்சண்டை பழகியவன். இப்போது கிளிநொச்சியில் எங்கள் ஊர்க் கழகத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பழக்குகிறேன். பளு தூக்க விருப்பம். ‘கை இறுகி வேகம் போய்விடும்’ என்கிறார்கள். ஜிம் நடத்துபவர் ஒருவர் புரத மாவும் ஊசியும் சேர்த்து மூன்று மாதத் திட்டம் தருவதாகச் சொல்கிறார். இடது தோளில் செல் (எறிகணை) துண்டு ஒன்றும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தூக்குங்கள். கை இறுகாது. உங்கள் வேகத்தைத் தின்பது பளு அல்ல, வயது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தேய்கிறது. சட்டென்று விசையைத் திரட்டும் திறன் அதைவிட வேகமாகக் குறைகிறது. குத்து பாதத்தில் தொடங்கி இடுப்பில் திரும்பித்தான் கைக்கு வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே காலையும் இடுப்பையும் கவனியுங்கள். 1990இல் வெளியான பொஸ்டன் ஆய்வொன்றில், தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் எட்டு வாரம் பளுப் பயிற்சி செய்து கால் பலத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டினார்கள். உங்களுக்கு 53தான்.

வாரத்தில் இரண்டு நாள் போதும். யூரியாப் பையில் 15 கிலோ மணல் கட்டி, நெஞ்சோடு அணைத்து வாங்கில் இருந்து எழும்புங்கள். எட்டுத் தடவை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் எகிறும். கழகத்துக்கு வந்த கருவிகள் எங்கே என்று கேட்காதீர்கள். அவை திறப்பு விழாப் படத்துக்கு வந்தவை, அறைச் சாவி யாரிடம் என்று எவரும் அறியார்.

இனி அந்த ஊசி. இப்படி விற்பவை பெரும்பாலும் ஸ்டீராய்டு. இதயச் சுவரைத் தடிக்க வைக்கும், கெட்ட கொழுப்பை ஏற்றும். நீங்கள் போட்டால் உங்கள் பிள்ளைகளும் போடுவார்கள். ஊக்கமருந்துக்கு எதிராக இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சோதனையில் அகப்பட்டால் ‘தெரியாமல் போட்டேன்’ என்பது விளையாட்டு வீரரைக் காப்பாற்றாது, நான்கு வருடம் வரை தடை. தடை வாங்குவது பிள்ளை. விற்றவர் அடுத்த ஊரில் கடை விரிப்பார். மாவும் வேண்டாம். 70 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 85 கிராம் அளவு புரதம் போதும். முட்டை, கௌபி, கச்சான், குளத்து மீன் அதைத் தரும். வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தும், சிறுநீரகப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை கேளாமல் மாவு டின்னை நீட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

செல் துண்டுக்கு வருகிறேன். தசைக்குள் நோகாமல் கிடப்பதைச் சுற்றி நார் படர்ந்து மூடியிருக்கும்; அது பெரும்பாலும் அசையாது. மூட்டுக்குள் இருந்தாலோ நரம்பையோ இரத்தக் குழாயையோ ஒட்டி இருந்தாலோ கதை வேறு. முன்னாலும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். ‘வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள்’ என்று பனடோல் எழுதி அனுப்பப் பார்ப்பார்கள். எழும்பாதீர்கள், துண்டு மூட்டில் இருக்கிறதா இல்லையா என்று கேட்டு அறிந்த பிறகே வெளியே வாருங்கள். விரல் விறைப்பு, கை உயர்த்தும்போது தோள் சிக்குவது, பிடி தளர்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை தலைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம், இடது கையால் பையைக் குத்தவும் வேண்டாம். சைக்கிள் டியூப்பைத் தூணில் கட்டி, நோகாத அளவுக்கு மெல்ல இழுக்கலாம். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் இரும்பு இருப்பதை உள்ளே போகுமுன் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு மோதிப் பழகுவதை விட்டுவிடுங்கள், தலை அடி இந்த வயதுக்கு ஆகாது. சர்வதேச விதிகளில் முதன்மைப் பிரிவுக்கு 40தான் வயதெல்லை. ‘வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புகிறேன், பதிவுக்கும் விசாவுக்கும் பணம் தாருங்கள்’ என்று ஒருவர் வந்தால் கதவைச் சாத்துங்கள். முதல் நாள் பயிற்சிக்கு முன் பிரஷர் பாருங்கள். 160/100ஐத் தாண்டியிருந்தால் மணல் பை காத்திருக்கட்டும், முதலில் கிளினிக்.