பாரிஸில் ஏழு நாள்: மியூசியம் பாஸ் எடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை. முப்பது வருஷம் மொனேயையும் தெலக்ருவாவையும் பற்றி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு படத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. அடுத்த மாதம் தனியாகப் பாரிஸ் போகிறேன். புதன் மாலை இறங்கி, அடுத்த வியாழன் காலை கிளம்புகிறேன். நாளைக்கு ஓர் இடம் போதும், அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். "144 மணி நேரப் பாஸ் எடுத்துடுங்க அத்தை, ஐம்பது இடத்துக்கு மேல இலவசம்" என்கிறார் மருமகன். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மருமகன் அக்கறையாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பாஸின் கணக்கு, ஒரே நாளில் மூன்று நான்கு இடம் ஏறி இறங்குகிறவர்களுக்குச் சரிவரும் கணக்கு.

முதல் வாசலில் நுழைந்த நிமிஷத்திலிருந்து 144 மணி நேரம் ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் தூங்கும் நேரமும் அதில் சேர்த்தி. வியாழன் காலை 10 மணிக்குத் தொடங்கினால் அடுத்த புதன் காலை 10 மணிக்கு முடிந்துவிடும். நடுவில் திங்களன்று ஓர்சே மியூசியத்துக்கு விடுமுறை, செவ்வாயன்று லூவ்ர், ஓராஞ்சரி மியூசியங்களுக்கு விடுமுறை. ஓர் இடத்துக்கு ஒரு முறைதான் நுழைய முடியும் என்பது இன்னொரு நிபந்தனை. ஓவியம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு லூவ்ருக்கு இரண்டாம் முறை போகத் தோன்றாமல் இருக்காது. லூவ்ரில் பாஸ் இருந்தாலும் நேரத்தைத் தனியாக முன்பதிவு செய்தே ஆக வேண்டும்.

முதல் பயணத்தில் நானும் பாஸ்தான் எடுத்தேன். கொடுத்த காசு வீணாகக்கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், எந்த அறையில் எதைப் பார்த்தேன் என்பதே பாதி மறந்துபோனது. அடுத்த முறை ஒற்றை டிக்கெட்டுகள் மட்டும் வாங்கினேன், பார்த்ததெல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, எதற்குத்தான் காசு கொடுப்பது? மூன்றே இடம். லூவ்ருக்கு 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ, உள்ளே இருப்பவர்களுக்கு 22. குறைவாக இருக்கிறதே என்று 22-ஐத் தொட்டுவிடாதீர்கள், வாசலில் சான்று கேட்டால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. புதன், வெள்ளி இரண்டு நாளும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். வெள்ளி பிற்பகல் நேரத்தை எடுத்தால் சாயங்காலம் கூட்டம் கலையக் கலைய நிம்மதியாகப் பார்க்கலாம். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது, சாப்பாட்டை உள்ளே இருக்கும் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓர்சே வியாழக்கிழமை இரவு 9.45 வரை திறந்திருக்கும். உங்கள் முதல் நாளே வியாழன்தான், காலையில் நன்றாக ஓய்வெடுத்துவிட்டுச் சாயங்காலம் போகலாம்.

மூன்றாவது ஓராஞ்சரி. அதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். மொனேயின் அல்லிக்குளம் இரண்டு முட்டை வடிவ அறைகளின் சுவரைச் சுற்றி எட்டு ஓவியங்களாக ஓடுகிறது. உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். 1926 டிசம்பரில் அவர் இறந்தார், 1927 மே மாதம்தான் அறைகள் திறக்கப்பட்டன. கூரை வழியாகப் பகல் வெளிச்சம் விழுகிறது. நடுவிலுள்ள பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தபோது வெளியே ஒரு மேகம் கடந்தது. எதிர்ச் சுவரில் இருந்த நீலம் மெல்லச் சாம்பல் பூத்து, சில நிமிஷத்தில் மறுபடி தெளிந்தது. பத்து நிமிஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. இதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறீர்கள்!

மீதி நாட்களுக்குச் செலவே இல்லை. பெத்தி பலே, கார்னவாலே, நவீன கலை மியூசியம் மூன்றும் நகராட்சியுடையவை, நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. திங்களன்று மட்டும் மூன்றும் மூடியிருக்கும். நவீன கலை மியூசியத்தில் ரவுல் துய்ஃபி 1937 உலகக் கண்காட்சிக்காக வரைந்த மின்சார தேவதை இருக்கிறது: 250 பலகைகள், 600 சதுர மீட்டர். பொம்பிடூ மையம் 2030 வரை மூடியிருக்கும், பழைய பயணக் கையேட்டைப் பார்த்து அதற்குத் திட்டம் போட வேண்டாம்.

உங்கள் தெலக்ருவாவைப் பார்க்கச் சேன் சுல்பீஸ் தேவாலயத்துக்குப் போங்கள். நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றறை. 1861-இல் முடித்த சுவரோவியத்தில் பைபிளில் வரும் யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கு நிற்கிறார். கீழே ஒரு மூலையில், சண்டைக்கு முன் அவர் கழற்றிப் போட்ட துணியும் வைக்கோல் தொப்பியும் ஈட்டியும் குவிந்து கிடக்கின்றன. அந்தத் தொப்பியை மட்டும் ஐந்து நிமிஷம் பாருங்கள். டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

கேள்வி: நோத்ர தாம் தேவாலயத்துக்கு "வரிசையில் நிற்காத டிக்கெட்" என்று ஒரு தளத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர தாமுக்குள் போக யாரும் காசு தர வேண்டியதில்லை. நேரம் குறித்துக்கொள்வதும் தேவாலயத்தின் சொந்தத் தளத்தில் இலவசம். குறிக்காமல் போனாலும் வரிசையில் நின்று உள்ளே போகலாம். கோபுரம் ஏறுவதற்கு மட்டும் கட்டணம் உண்டு. தேடுபொறியில் மேலே வரும் முதல் ஒன்றிரண்டு முடிவுகள் பெரும்பாலும் விளம்பரம்தான். "அதிகாரபூர்வ" என்று போட்டிருப்பதை நம்பாமல், பக்கத்தின் அடியில் நிறுவனத்தின் பெயர் என்ன என்று பாருங்கள். மியூசியத்தின் பெயர் அங்கே இல்லை என்றால் அது இடைத்தரகர் தளம்.

கேள்வி: வாங்கிய டிக்கெட்டை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று ஐரோப்பியச் சட்டம் இருக்கிறதாமே?

பதில்: இணையத்தில் வாங்கும் பொருளுக்கு உண்டு. தேதி குறித்து வாங்கும் பொழுதுபோக்கு டிக்கெட்டுகளுக்கு அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது. அதனால் விசா கையில் வந்த பிறகு வாங்குங்கள். பணம் கட்டும்போது இயந்திரமோ தளமோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கேள்வி.

கேள்வி: நினைவாக ஒரு படம் வாங்கி வர ஆசை. போஸ்டர் வேண்டாம்.

பதில்: லூவ்ருக்கு ஷால்கோகிராஃபி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1797-இல் தொடங்கியது. படம் செதுக்கிய 13,000க்கும் மேற்பட்ட செப்புத் தகடுகள் அதன் வசம் உள்ளன. அந்தத் தகடுகளிலிருந்தே இன்றும் கையால் அச்சிட்டு விற்கிறார்கள். கையில் வாங்கியதும் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும், மையில்லாமல் அழுத்திய முத்திரையும் இருக்க வேண்டும். சேன் நதிக்கரைப் பச்சைப் பெட்டிக் கடைகளில் "பழைய அச்சு" என்று விற்பதில் இன்றைய நகல்களும் நிறையக் கலந்திருக்கும். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. அழகாக இருந்தால் போஸ்டர் விலைக்கு வாங்கலாம், அதற்கு மேல் தராதீர்கள். சுருட்டிக் குழாயில் போட்டுத் தரச் சொல்லி, விமானத்தில் கைப்பையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்குமா என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். படிவம் தந்தால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் விமான நிலைய இயந்திரத்தில் அதை ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

கேள்வி: மெட்ரோவுக்கு வாரப் பாஸ் எடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: இறங்கியதும் எடுக்காதீர்கள். நவிகோ வாரப் பாஸ் எந்தக் கிழமையில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழன் வரை நடப்பு வாரத்துக்கே விற்பார்கள், ஞாயிறு இரவோடு செத்துவிடும். ஞாயிறு வரை நடங்கள், தேவைப்பட்டால் ஒற்றை டிக்கெட். திங்கள் காலை வாரப் பாஸ் எடுத்தால் ஊர் திரும்பும் வியாழனன்று விமான நிலையம் வரை அதிலேயே போய்விடலாம். அட்டையில் ஒட்ட ஒரு சின்ன போட்டோ கேட்பார்கள், வீட்டிலிருந்தே கொண்டு போய்விடுங்கள்.