மெடிசின் கிடைக்காதவர்கள்தான் கடல் உயிரியலுக்குப் போகிறார்களா? முருகைக்கல் (பவளப்பாறை) ஆராய்ச்சிக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்?

கேள்வியின் முதல் பாதியைப் பார்த்ததும் பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆம், எனக்கு மெடிசின் கிடைக்கவில்லை. திருகோணமலைக்கு மாவட்ட ஒதுக்கீடு இருந்தும் கிடைக்கவில்லை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி போதவில்லை. இதை நானே சொல்லிவிட்டால் கீழே வந்து யாரும் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் பயோ படித்து, பெறுபேறு வந்து, வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத கிழமையில் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படி ஒரு கிழமை இருந்தது. எங்கள் ரியூசன் சேர், பெயர் வேண்டாம், மெடிசின் கிடைத்த மூன்று பேரின் படத்தைப் போட்டுச் சந்தியில் பனர் கட்டினார். இரண்டு வருஷம் முன்வாங்கில் இருந்து மாதாமாதம் காசு கட்டியவள் நான். அந்தப் பனருக்குக் கீழேதான் பஸ் ஏற நிற்க வேண்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஏறக்குறையக் கடைசியாக எழுதிய படிப்புத்தான் கிடைத்தது: மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தின் கடற்றொழில், கடல் விஞ்ஞான பீடம். சிறுவயதிலிருந்தே கடல்மேல் காதல் என்று பேட்டிகளில் சொல்வார்களே, அப்படி எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிஷ நடை. ஆனால் நீச்சல் தெரியாது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பின்னேரத்தில் போய்க் காலை நனைத்துவிட்டு, கச்சான் சாப்பிட்டுவிட்டு வருவோம், அவ்வளவுதான். முகத்தில் கண்ணாடியை மாட்டிக் கடலுக்குள் தலையை விட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அதுவும் மாத்தறையிலிருந்து களப்பயணமாக எங்கள் ஊருக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். கூடப் படித்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இடம் புறாமலை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கிற சின்னத் தீவு, 2003இலிருந்து தேசியப் பூங்கா. அதன் கரையில் மணலைவிட உடைந்த முருகைக்கல் துண்டுதான் அதிகம், எல்லாம் எலும்பு மாதிரி வெள்ளை. நான் முருகைக்கல் என்றால் வெள்ளை என்றே நினைத்து வளர்ந்தவள். அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுண்ணாம்பும் முருகைக்கல் சுட்ட சுண்ணாம்புதான் என்பார். பிறகு வேறென்ன நிறம் இருக்கப் போகிறது?

அன்று தண்ணீருக்குள் பார்த்தால் பெரும்பாலும் மண்ணிறமும் பாசிப்பச்சையும். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதற்கு நடுவில், கிளைகிளையாக ஒரே ஒரு கல், உள்ளே மின்குமிழ் எரிகிற மாதிரி அப்படி ஒரு வெள்ளை. மேலே வந்து, வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, விரிவுரையாளரிடம் "சேர், அந்த வெள்ளைக் கல்தான் எல்லாத்திலும் வடிவு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அது பட்டினி கிடக்குது பிள்ளை" என்றார்.

நான் ஆராய்ச்சிக்கு வந்தது அந்த ஒரு வசனத்தால்தான். கேட்டதும் ஞானம் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். எல்லாருக்கும் முன்னால் மானம் போனது, அதனால்தான் போய்ப் படித்தேன்.

விஷயம் இதுதான். முருகைக்கல் என்பது சுண்ணாம்புக் கூட்டின்மேல் மெல்லிய தோல்போல் படர்ந்திருக்கிற சின்னச் சின்ன விலங்குகளின் கூட்டம். அந்தத் தசை கிட்டத்தட்டக் கண்ணாடி. மண்ணிறம் அதனுடையதல்ல, அதன் கலங்களுக்குள் குடியிருக்கிற ஒருகல அல்காக்கள் என்கிற நுண்பாசிகளுடையது. ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்து இலட்சத்துக்கு மேலும் இருக்கும். அவை ஒளித்தொகுப்பில் செய்கிற உணவில் பெரும்பங்கு கல்லுக்குப் போகிறது. வருஷத்தின் மிகச் சூடான மாதத்தில் வழக்கமாக இருப்பதைவிட நீர் ஒரு பாகை கூடி, நாலு கிழமை அப்படியே நின்றால் போதும். வெக்கையும் வெளிச்சமும் சேர்ந்து அல்காவின் ஒளித்தொகுப்பு இயந்திரம் பழுதாகி, நஞ்சான ஒட்சிசன் வகைகள் வரத் தொடங்கும். கல் அந்த அல்காக்களை வெளியே தள்ளிவிடும். பிறகு தெரிவது கண்ணாடித் தசைக்குக் கீழே இருக்கிற எலும்பு. அதைத்தான் நான் வடிவு என்றேன். செத்துவிடவில்லை, ஆனால் சமைக்கிற ஆட்களைத் துரத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் கெதியாகக் குளிர்ந்தால் அல்காக்கள் திரும்பப் பெருகலாம். இல்லாவிட்டால் பட்டினிச் சாவு.

இதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'ஒன்றியவாழ்வு' என்று இரண்டு வரியில் படித்தோம். இருவருக்கும் நன்மை, புள்ளி இரண்டு. இப்போது யாராவது மேடையில் ஏறி, முருகைக்கல்லையும் அல்காவையும்போல் ஒற்றுமையாக வாழுங்கள் என்று கல்யாண வீட்டு வாழ்த்துமாதிரிப் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். கல் அந்த அல்காவை ஒரு மென்சவ்வுப் பைக்குள் வைத்திருக்கிறது. நைதரசனை அளந்துதான் கொடுக்கிறது. அதனால் அல்காவுக்குத் தன் பாட்டில் பெருக முடியாது, செய்த சீனியை வெளியே விடத்தான் வேண்டும். 1967இல் மஸ்கற்றைன் என்பவர், பிரித்தெடுத்த அல்காவுக்குக் கல்லின் தசைச் சாற்றைச் சேர்த்ததும் அது கிளிசரோலை வெளியே விடுவதைக் காட்டினார். சாறு இல்லாவிட்டால் அவ்வளவு விடாது. வெளியில் இருக்கும்போது இரண்டு வாலோடு நீந்தித் திரிகிற சாமான், உள்ளே வந்ததும் வாலை விட்டுவிட்டு உருண்டையாகிவிடும். இதை நட்பு என்பீர்களோ, கட்டி வைத்து வேலை வாங்குவது என்பீர்களோ, உங்கள் விருப்பம். துறையில் இருக்கிற பெரியவர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள், தெரியும். உள்ளே அல்காவுக்குப் பாதுகாப்பும் காபனீரொட்சைட்டும் கிடைக்கிறது, அதையும் சொல்லிவிட்டேன், சரியா?

இன்னொன்று. "ஏன் முருகைக்கல் என்கிறீர்கள், பவளப்பாறை அல்லவா சரி" என்று தமிழ்நாட்டு நண்பர்கள் போன முறை திருத்தினார்கள். எங்கள் ஊரில் முருகைக்கல்தான். அதுமட்டுமல்ல, மாலை கோக்கிற அந்தச் சிவப்புப் பவளத்துக்குள் இந்த அல்கா இல்லவே இல்லை, அது வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்வது. நான் படிப்பது அதையல்ல. ஆகவே என் சொல்லை எனக்கு விட்டுவிடுங்கள்.

வேலை எப்படி என்றால், எண்ணுவது. விரல் நகமளவு துண்டு (அனுமதிக் கடிதத்தோடுதான், கல் உடைக்கிறவள் என்று வந்துவிடாதீர்கள்). மோட்டார் சைக்கிள் தாங்கிக்குப் படம் கீறுகிற ஏர் பிரஷ்ஷில் கடல்நீர் ஊற்றி அடித்தால் தசை கழன்று, எலும்பு மிஞ்சும். பையில் சேர்வது பருப்புத் தண்ணி மாதிரி ஒன்று. அதைச் சுழற்றி, அடியில் தங்குகிற மண்ணிற வண்டலை எடுத்து, இரத்தக் கலம் எண்ணுகிற கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஒவ்வொரு கட்டமாக, கையில் இருக்கிற எண்ணியை டிக் டிக் என்று அமத்த வேண்டும். பஸ் கொண்டக்டர்மார் கூட இவ்வளவு எண்ணமாட்டார்கள்.

கொண்டக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன். ஒரு தரம் பச்சையம் அளப்பதற்கான மாதிரிகளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி இரவு பஸ்ஸில் ஏறினேன். மீன் மணக்குது என்று சொல்லி, பெட்டியை என் மடியிலிருந்து வாங்கி எஞ்சின் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டார். அதில் மீனே இல்லை. குருநாகல் தாண்டும்போது தண்ணீர் வழியத் தொடங்கியது. மூன்று நாள் வேலை போயிற்று. அதே பஸ்ஸில் ஒருவருடைய புது டிவி, எனக்கு முன் சீற்றில், டிக்கெட்டோடு கால் நீட்டிக்கொண்டு வந்தது. அந்த டிவிக்கு இருந்த மரியாதை எனக்கு இருக்கவில்லை.

சரி, உங்கள் கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கடற்றொழில் விஞ்ஞானம் இருக்கிறது, மாத்தறைதான் என்றில்லை. ஆங்கிலம் முதல் வருஷம் அடிக்கும். பிறகு பழகிவிடும். நீச்சலை இப்போதே பழகுங்கள், எனக்கு அதற்கே ஒரு வருஷம் போனது, குளத்தில் என்னோடு பழகியவர்கள் எல்லாம் ஆறு வயதுப் பிள்ளைகள். அல்கா வகைகளுக்கு முன்பு ஏ, பி, சி, டி என்றுதான் பெயர். 2018இல் அவற்றைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள், ஆகவே பழைய குறிப்புகளை வாங்கி மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த டியாக இருந்தது இப்போது டுருஸ்டினியம், வெக்கையைத் தாங்கக்கூடியது, ஆனால் அதை வைத்திருக்கிற கல் பொதுவாக மெதுவாக வளரும். புறாமலைக் கற்கள் எதை வைத்திருக்கின்றன என்பதுதான் இப்போது என் தலையிடி.

வாடை தொடங்கி வள்ளங்கள் கரையேறின ஒரு நாள், பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் இருக்கிற சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். மேசையில் நான் இரவல் வாங்கி வந்த நுணுக்குக்காட்டி. கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார்.

"மஞ்சக் கடுகு மாதிரிக் கிடக்கு."

"அதுதான் சித்தப்பா கல்லுக்குச் சோறு போடுறது."

"உதையெல்லாமோ எண்ணுறாய்?"

"ஓம்."

திரும்பவும் குனிந்து பார்த்தார். "சரி, ஆர் காசு தாறது?"

உதவித்தொகை கடைசியாக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா. நான் எண்ணியைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டு முதல் கட்டத்திலிருந்து தொடங்கினேன்.