பண்ணை வீட்டைப் போன்ற ஜெபவீடு

அன்புள்ள ஐயா,

வேல்ஸ் நாட்டு ஊர்ப்புற ஜெபவீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருந்ததால், அங்கு போயிருந்தபோது ட்ரெகாரன் ஊருக்கு அப்பால் மலைக்குள் இருக்கும் 'சோர் அ மனித்' ஜெபவீட்டைத் தேடிப் பார்த்தேன். கோபுரம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. பண்ணை வீடு என்று எண்ணித் தாண்டிப் போகவிருந்தேன். இதில் கட்டடக்கலை என்று பேச என்ன இருக்கிறது? தனித்து நிற்பதனாலேயே வந்த புகழா? பங்கு ஆலயத்தில் இடம் இருக்கும்போது, பக்கத்திலேயே தனிக் கல்லறைத் தோட்டம் எதற்கு?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

தனித்து நிற்பதால் வந்த புகழ் என்பதில் பாதி உண்மை உண்டு. வேல்ஸிலேயே மிக ஒதுக்கமான ஜெபவீடு என்ற பட்டம் சுற்றுலாக் கையேடுகளுக்கு வசதியானது. அதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் மலையையும் ஆற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பண்ணை வீடு என்று எண்ணினீர்களே, அதைக் கட்டியவர்கள் மனத்தில் இருந்ததும் ஏறத்தாழ அதுவே.

இந்த ஜெபவீடுகள் இங்கிலாந்துத் திருச்சபைக்கு, அதாவது ஆங்கிலிக்கன் சபைக்கு, இணங்காதவர்கள் கட்டியவை. அவர்கள் தனியே கூடி வழிபடுவது 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம் வரும்வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சட்டம் வந்த பின்னும் அவர்கள் ஒதுங்கிய இடங்கள் வீட்டுக் கூடங்களும் தானியக் களஞ்சியங்களுமே. கிளாஸ்பரிக்கு அருகிலுள்ள மைஸிரோனன் ஜெபவீடு 1690களில் அப்படி ஒரு களஞ்சியத்தை மாற்றி அமைத்ததுதான். சோர் ஜெபவீட்டைக் கட்டிய கால்வினிய மெதடிஸ்டுகள் என்ற மறுமலர்ச்சி இயக்கத்தாரோ 1811 வரை திருச்சபைக்குள்ளேயே இருந்து, அந்த ஆண்டில்தான் தங்கள் போதகர்களுக்குத் தாங்களே அபிஷேகம் செய்யத் தொடங்கிப் பிரிந்தார்கள். அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1822இல், ட்ரெகாரன் போதகர் எபெனேசர் ரிச்சர்டின் முயற்சியால் இது எழுந்தது. (சமாதானத்துக்காக வாதாடிப் பெயர்பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ரிச்சர்ட் இவருடைய மகன்.)

இனி அந்த நீண்ட சுவரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் வளைந்த தலைகொண்ட உயரமான இரண்டு ஜன்னல்கள், அவற்றுக்கு இருபுறமும் கதவுகள். பங்கு ஆலயத்தில் மேற்கே நுழைந்து கிழக்கே பீடத்தை நோக்கி நடக்கிறோம். இங்கே பீடமும் இல்லை, நடந்து போக நீளமும் இல்லை. பிரசங்க மேடையை நீண்ட சுவரின் நடுவில் நிறுத்தி, இருக்கைகளை அதைச் சூழ அமைத்துவிட்டால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் போதகரின் குரல் எட்டும், ஜன்னல் வெளிச்சம் வேதப் புத்தகத்தின் மேல் விழும். மேடைக்குப் பின்னால் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்ற வசனம் வெல்ஷ் மொழியில் தீட்டப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அலங்காரம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. அதே கூரை நீண்டு குடியிருப்பையும் மூடுகிறது. குதிரை லாயமும் உண்டு, ஏனெனில் ட்ரெகாரனே ஏறத்தாழ 8 மைல் தொலைவு. சுற்றுமலை ஆட்டுப் பண்ணைக்காரர்கள் மட்டக்குதிரைகளில்தான் வந்தார்கள். பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளியும் நடந்தது. இத்தனை தேவைகளையும் ஒரே கூரைக்குள் முட்டாமல் அடக்கியிருப்பதைக் கட்டடக்கலை என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை. பிற்காலத்தில் பணம் சேர்ந்த நகரத்துச் சபைகள் முன்சுவரில் மட்டும் ரோமாபுரித் தூண்களை ஒட்டிவைத்தன. 1872இல் திறக்கப்பட்ட மாரிஸ்டன் டாபர்னாக்கிள் ஜெபவீட்டில் தூண்களோடு ஊசிக்கோபுரமும் சேர்ந்துகொண்டது. பார்க்கப் பிரமாண்டம்தான், ஆனால் தாங்கள் விட்டுவந்த ஆலயத்தோடு போட்டிபோடும் அவசரம் அதில் தெரிகிறது.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பங்கு ஆலயத்தில் இடம் இருந்தது, ஆனால் 1880ஆம் ஆண்டின் அடக்கச் சட்டம் வரும்வரை அங்கே ஆங்கிலிக்கன் முறைப்படியே அடக்க ஆராதனை நடக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் வேறு சபையில் இருந்தவரை, அவர் ஏற்காத குருவே கடைசி வார்த்தை சொல்லி அனுப்பிவைப்பார். சொந்த நிலத்தில் சொந்தப் போதகரைக் கொண்டு அடக்கம் செய்வது ஓர் உரிமை என்று அவர்கள் கருதியது இதனால்தான். சட்டம் வந்த பின்னும் தகராறு ஓயவில்லை. 1888இல் லான்வ்ரோத்தன் ஊரில், மகளின் கல்லறைக்கருகே தம்மை அடக்கம் செய்யும்படி கேட்டிருந்த ராபர்ட் ராபர்ட்ஸ் என்ற கல்குவாரித் தொழிலாளியின் குடும்பத்துக்கு, ஆங்கிலிக்கன் முறை அடக்கத்துக்கு மட்டுமே என்று விதித்த நிலக்கொடைப் பத்திரத்தைக் காட்டிக் குரு அனுமதி மறுத்தார். தேவைப்பட்டால் வாயிலை உடைத்துக்கொண்டு போய் அடக்கம் செய்யுங்கள் என்று ஆலோசனை சொன்ன இளம் வழக்கறிஞர் டேவிட் லாயிட் ஜார்ஜ். உள்ளூர் நீதிமன்றத்தில் தோற்ற வழக்கை அவர் லண்டன் மேல்முறையீட்டில் வென்றார். ஈராண்டுக்குள் நாடாளுமன்றம் போனார், 1916இல் பிரதமரானார்.

இத்தகைய கல்லறைக் கற்களில் பெயரோடு பண்ணையின் பெயரையும் வெட்டிவைப்பது அங்கே வழக்கம். ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்று ஒருசில குடும்பப் பெயர்களே புழங்கும் நாட்டில் ஆளை அடையாளம் சொல்ல வேறு வழியில்லை. 1947இன் கடும் பனிக்காலத்துக்குப் பிறகு சோரைச் சுற்றிய பண்ணைகள் பல காலியாயின. ஆகவே அந்தக் கற்கள் இப்போது மலைவீடுகளின் பதிவேடாகவும் ஆகிவிட்டன. வரலாற்றுச் சான்று என்ற அளவில் ஜெபவீட்டைவிட அவற்றையே நான் மேலாக வைப்பேன்.

கல்லறை நிலத்துக்கு வேல்ஸ் மக்கள் தந்த மதிப்பை இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சியும் கண்டது. அதன் குடிநீருக்காக 1965இல் வேல்ஸின் கேபல் கெலின் ஊரை நீர்த்தேக்கத்தில் மூழ்கடித்தபோது, ஜெபவீட்டோடு கல்லறைத் தோட்டமும் போயிற்று. சில உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு வேறிடத்தில் அடக்கம் செய்யப்பட்டன. மற்றக் கல்லறைகள் அங்கேயே கான்கிரீட்டால் மூடப்பட்டன. மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது.

மறுபடி போவதானால் மைஸிரோனனை முதலில் பாருங்கள், சோரின் நீண்ட சுவர் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். சோரில் கோடைக்கால ஞாயிறுகளில் வெல்ஷ் மொழியில் ஆராதனை நடப்பதுண்டு. மொழி புரியாவிட்டாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து குரல் எட்டுகிறதா என்று சோதித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்